பெர்சிஸ் வாசிக்காத அடி

என் மகள் பாட்டை மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் நிறுத்தினாள் என்று எனக்கு முதலில் சொன்னது சலோமி. போன வருஷம் ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை, மீன் மார்க்கெட்டில், நான் கெளுத்தி வாங்கிக்கொண்டு நிற்கும்போது. சலோமி எங்கள் கோயில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவள். நல்லவள்தான். ஆனால் மனசில் ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு அவளால் ஒரு கிலோ மீன்கூட வாங்க முடியாது. நான் நம்பவில்லை. இப்போதும் முழுசாக நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன்.

ஜன்னலை இறக்கிவிடட்டுமா அம்மா? வெயில் உங்கள் முகத்தில் அடிக்கிறது. நீங்கள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு என்னோடு பேசுகிறீர்களே, அதற்கே ஸ்தோத்திரம். இப்போதெல்லாம் ரயிலில் மாயவரத்தில் ஏறுகிறவர்கள் தாம்பரம் வரைக்கும் வாயைத் திறப்பதில்லை.

பெர்சிஸ் என் மூத்தவள். வேதாகமத்தில் வருகிற பெயர்தான், அவள் அப்பா தேடி வைத்தார். அவர் மின்வாரியத்தில் இருந்தார், கர்த்தரிடம் போய்ச் சில வருஷமாகிறது. இளையவன் எஸ்றா சேலையூரில் இருக்கிறான், அவன் வீட்டுக்குத்தான் இப்போது போகிறேன். பெர்சிஸ் ஹாலந்து தேசத்தில் இருக்கிறாள். பியானோ வாசிப்பதுதான் வேலை. ஆமாம், அதேதான் வேலை. எங்கள் குருவானவர்கூடக் கேட்டார், "வேலைக்குப் போயிட்டு வந்து வாசிக்கிறாளா அம்மா?" என்று. "இல்ல ஐயா, வாசிக்கிறதே வேலை" என்றேன். "அப்ப ஞாயிற்றுக்கிழமை மட்டுமா?" என்றார்.

நான் ஒன்பதாவது வரைக்கும்தான் படித்தேன். பாட்டு மட்டும் தெரியும். எங்கள் கோயிலில் ஜெர்மன்காரர்கள் அந்தக் காலத்தில் கொண்டுவந்த மெட்டுகளுக்குத் தமிழ் வார்த்தை போட்டுப் பாடுவோம். ஞானப்பாட்டு என்போம். எட்டுச் சரணம் இருந்தால் எட்டையும் பாடுவோம், ஒன்பது என்றால் ஒன்பது. நடுவில் விடமாட்டோம். பாட்டும் ஜெபம்தானே? ஜெபத்தில் பாதியில் எழுந்து போவார்களா?

போன வருஷம் தை மாசத்தில் பெர்சிஸ் ஃபோன் பண்ணினாள். "அம்மா, இந்த லெந்து காலம் முழுக்க நம்ம வீட்லதான். என்கூட ஒரு பியானோவும் வருது."

லெந்து காலம் தெரியும்தானே உங்களுக்கு? ஈஸ்டருக்கு முன்னால் நாங்கள் நோன்பு மாதிரி இருக்கிற காலம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அத்தனை நாள் அவள் வீட்டில் தங்கியதே இல்லை. வருவாள், பெட்டியைத் திறப்பாள், மூடுவாள், போவாள். அப்படித்தான்.

பியானோ என்றதும் எனக்குக் கோயிலில் இருந்த பழைய பியானோதான் ஞாபகம் வந்தது. அதை ஒரு தடவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தினார்கள். தூக்கின எங்கள் சபைத் தங்கையாவுக்குக் கால் விரலில் நகம் போய்விட்டது. அதனால் நான் முன்கூட்டியே சபையில் எட்டு ஆண்களுக்குச் சொல்லி வைத்தேன். நோன்பு தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள்தானே, கறிக்குழம்பே வைத்துவிட்டேன். வேன் வந்தது. பெர்சிஸ் ஒரு பக்கம் பிடித்தாள், வேன் ஓட்டி வந்தவர் ஒரு பக்கம் பிடித்தார். படியேறி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். எட்டுப் பேரும் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள்.

"ஏம்மா, உள்ள ஒண்ணும் இல்லையா?" என்றார் தங்கையா.

"எல்லாம் இருக்கு அண்ணே. கம்பி இருக்கு, கம்பியைத் தட்டுற சுத்தி இருக்கு. இரும்புச் சட்டம் மட்டும் இல்ல."

"அப்ப எது தாங்குது?"

விமானத்துக்கும் பந்தய சைக்கிளுக்கும் போடுகிற கரி நூலாம், அதை இறுக்கிச் செய்திருக்கிறார்களாம். நூல் தாங்குகிறது என்றதும் தங்கையா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

"கரண்ட்?"

"வேணாம் அண்ணே."

"அப்ப நாங்க?"

"நீங்க சாப்பிடுங்க."

சாப்பிட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள்.

கூடத்தில் அது பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெறுமையாக இருக்கிறதே என்று நான் பின்னிய வெள்ளை விரிப்பு ஒன்றை மேலே போட்டு, அவள் அப்பா படத்தை நடுவில் வைத்தேன். அவள் முதல் சுரம் தட்டினாள், படத்தின் கண்ணாடி கிர்ரென்று அதிர்ந்தது. எழுந்து படத்தை எடுத்து டிவி மேல் வைத்துவிட்டாள்.

"அம்மா, இது ரொம்ப லேசான பலகை. ஒரு ஊசி வச்சாக்கூட அதுவும் சேர்ந்து பேசும்."

"அப்பா ஊசியா?"

"அப்பாதான். ஆனா அவரும் சேர்ந்து வாசிக்கிறாரே!" என்று சிரித்தாள்.

மறுநாள் காலையில் நான் மறுபடி வைத்தேன். அவள் மறுபடி எடுத்தாள். அப்படியே போயிற்று. நான் கோபித்துக்கொள்ளவில்லை. பெற்றவர் படம் ஒரு பிள்ளைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்றால் நாம் ஜெபம்தான் பண்ண முடியும்.

ஜெபமும் அந்தக் கூடத்தில்தான். காலையில் சத்தமாக ஜெபம் பண்ணுவது என் வழக்கம். வீட்டில் வேறு யாரும் இல்லை பாருங்கள், மனசுக்குள் பண்ணினால் யாரோடு பேசின மாதிரி இருக்கும்? அவளும் அதே நேரத்தில்தான் வாசிப்பாள். நான் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல துணையைக் கொடும்" என்பேன். அவள் வாசிப்பை நிறுத்தாமலேயே, "ஆண்டவரே, எங்க அம்மாவுக்கு ஒரு பத்து நிமிஷம் தூக்கத்தைக் கொடும்" என்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஜெபத்தில் சிரிக்கக் கூடாது. ஆனாலும் அந்த நாட்களைப் போல எனக்குச் சந்தோஷமான நாட்கள் இல்லை. வீட்டில் ஒரு சத்தம் இருந்தது.

அவள் வாசித்ததெல்லாம் முந்நூறு வருஷத்துக்கு முந்தின சங்கீதம். பரோக் என்று பேர். எங்கள் ஞானப்பாட்டு மெட்டுகளும் அந்தக் காலத்தைச் சேர்ந்தவைதானாம். அதில் ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள். பெரிய வெள்ளிக்கு முந்தின வாரங்களில் நாங்கள் பாடுகிற பாட்டு. ஒவ்வொரு சரணமும் ஒரே அடியில்தான் முடியும்: வழி மறந்தேன் ஆகிலும் நீர் மறவீர். அந்தக் கடைசி அடியை மட்டும் இரண்டு தரம் பாடுவது எங்கள் கோயில் வழக்கம். நாங்கள் பாடுகிற வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் விசிறியை எடுத்து இரண்டு விசிறு விசிறிக்கொள்ளலாம். அவளோ அதை ஓடவிட்டாள், குதிக்கவிட்டாள். பட்டாணி வறுக்கும்போது சட்டியில் துள்ளுமே, அந்த மாதிரி சத்தம். அந்தப் பியானோவுக்குக் கனமான குரல் கிடையாது. தொட்டதும் பேசும், உடனே ஓய்ந்துவிடும்.

"இப்படியா எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"எழுதல அம்மா. அந்தக் காலத்துல முழுசா எழுத மாட்டாங்க. கீழ் வரி மட்டும் இருக்கும். மேல என்னங்கிறது வாசிக்கிறவங்க கையில."

"அப்ப மெட்டுப் போட்டவரு அரைகுறையாவா விட்டுட்டுப் போனாரு?"

"இல்ல. நம்மள நம்பி விட்டுட்டுப் போனாரு."

நல்ல பதில், இல்லையா? அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் அதைச் சேர்த்துக்கொண்டேன். எங்களை நம்பி விட்டீரே, ஸ்தோத்திரம் என்று.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அவள் சும்மா வரவில்லை. எங்கள் கோயிலிலேயே அந்தச் சங்கீதத்தை ஒலிப்பதிவு செய்து வெளியிடுவதாக இருந்தாள். அவள் பேரில் வருகிற முதல் இசைத்தட்டு. அந்தப் பியானோவைச் செய்து அவளிடம் இரவலாகக் கொடுத்தனுப்பிய கம்பெனிக்காரர்களும் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும்போது அவளே வந்து தரையில் உட்கார்ந்து, எனக்கு ஒத்தாசையாக இரண்டு கொத்தை உருவிக்கொண்டே சொன்னாள்.

"இது நல்லபடியா வந்துச்சுன்னா, பியானோ இங்கயே இருக்கட்டும்னு சொல்லியிருக்காங்க அம்மா. நான் வருஷத்துல பாதி நாள் இங்க இருந்து வேலை பண்ணலாம்."

"பாதி நாளா?"

"பாதி நாள். உங்களுக்குத் தாங்குமா?"

உருவின கொத்தையே மறுபடி உருவினேன். கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றிலிருந்து என் ஜெபம் எல்லாம் அந்த ஒலிப்பதிவுக்குத்தான். துணையைக் கொடும் என்பதைக்கூட நிறுத்திவிட்டேன். ஒரே நேரத்தில் இரண்டு கேட்டால் பேராசை ஆகிவிடும்.

ஒலிப்பதிவு பண்ண சென்னையிலிருந்து முரளி என்பவர் வந்தார். கோயிலில் கைதட்டிப் பார்த்தார். ஆள் இல்லாமல் வாசித்தால் எதிரொலி அதிகம் என்றார். பெர்சிஸ், "ஆளுங்க இருக்கட்டும் முரளி, நம்ம ஜனங்களோட மூச்சு அதுல இருக்கணும்" என்றாள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நம்ம ஜனங்களோட மூச்சு. வீடு வீடாகப் போய் நானே அழைத்தேன். "பேசக் கூடாது, இருமக் கூடாது, ஃபோனை அணைச்சிடணும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பாடக் கூடாது என்று பெர்சிஸ் சொல்லவில்லை. அவள் சொல்லாததை நான் எப்படிச் சொல்லுவேன்?

அன்றைக்குக் காலையில் சமையல்கட்டில் வந்து நின்று ஏதோ சொன்னாள். கடைசியில் ஓர் இடத்தில் நிறுத்துவதைப் பற்றி ஏதோ. அப்போது பார்த்துக் குக்கர் விசில் அடித்தது, வந்திருந்த முரளிக்குச் சாம்பாரில் புளி போதுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். "சரிம்மா, உன் இஷ்டம்" என்றேன். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டிருக்கலாம். வேலை மேல் வேலை, கேட்கவில்லை.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம். கோயில் நிறைய ஜனம். சத்தம் கேட்கும் என்று மின்விசிறிகளை அணைத்துவிட்டார்கள். பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம். எல்லோரும் வழக்கம் போலப் பாட்டுப் புத்தகம் கொண்டு வந்திருந்தோம். சபை கூடினால் புத்தகம் இல்லாமல் வருவோமா? நான் இரண்டாவது பெஞ்சு. எனக்குப் பின்னால் சலோமி.

பெர்சிஸ் வாசித்தாள். முதலில் யாருக்கும் மெட்டு பிடிபடவில்லை. சலோமி என் தோளில் தட்டி, "இது எந்தப் பாட்டுடி?" என்று முணுமுணுத்தாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் போனதும் கீழேயிருந்து மெட்டு தலையைக் காட்டியது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். பிறகு மறைந்துவிட்டது. மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு. எங்கள் பாட்டுக்குள் இவ்வளவு இருந்ததா என்று எனக்கு அழுகை வந்தது. அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வீட்டில் அவள் வாசிக்கும்போது நான் கண்ணை மூடி ஜெபத்தில்தானே இருப்பேன்.

கடைசியில் வேகம் குறைந்தது. குறைந்து குறைந்து எங்கள் வேகத்துக்கே வந்துவிட்டது. நாங்கள் பாடுகிறபடியே, இழுத்து இழுத்து, ஓர் அலங்காரமும் இல்லாமல். சத்தியமாகச் சொல்கிறேன், கோயிலில் ஒருவரும் அசையவில்லை. முதல் அடி. இரண்டாவது அடி. மூன்றாவது அடி. ஒரே ஓர் அடிதான் பாக்கி.

நிறுத்திவிட்டாள்.

கையைத் தூக்கிவிட்டாள். கீழே இறக்கவில்லை. அப்படியே வைத்திருக்கிறாள். நான் பார்க்கிறேன், பார்க்கிறேன், கை இறங்கவே இல்லை. சின்ன வயசில் கோயிலில் நடக்கிற ஓய்வுநாள் பள்ளி விழாவில் வசனம் சொல்ல மேடை ஏறி, பாதியில் மறந்துபோய் இதே மாதிரிதான் நின்றாள். கையைத் தூக்கிக்கொண்டு. அன்றைக்குக் கூட்டத்திலிருந்து நான்தான் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன். பெற்றவள் இருக்கும்போது பிள்ளை ஜனங்கள் முன்னால் விழித்துக்கொண்டு நிற்கலாமா? அதுவும் இவ்வளவு பெரிய காரியத்தில்? பாதி வருஷம் அந்த ஓர் அடியில் தொங்கிக்கொண்டு இருக்கிறதே என்று எனக்கு இருந்தது.

எடுத்துக் கொடுத்தேன்.

வழி மறந்தேன் ஆகிலும் நீர் மறவீர்.

மெதுவாகத்தான் ஆரம்பித்தேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஆனால் என் குரல் பாடகர் குழுவில் பழகின குரல். மறவீர் வருவதற்குள் சலோமி சேர்ந்துகொண்டாள். அவள் சேர்ந்ததும் பெண்கள் பக்கம் முழுவதும் சேர்ந்தது. கடைசி அடியை இரண்டு தரம் பாடவேண்டுமே, இரண்டாம் தரத்தில் ஆண்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். தங்கையாவின் கட்டைக் குரல் உத்திரத்தில் முட்டியது. ஆமென் பாடினோம். ஆமென் ஆனதும் குருவானவர் எழுந்து கையை உயர்த்தி ஆசீர்வாதமும் கூறிவிட்டார். எல்லாம் ஒழுங்கும் கிரமமுமாக நடந்தது.

ஒரு குறையும் இல்லை அம்மா. யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள், அந்த மாதிரி நாங்கள் பாடினதே இல்லை.

முரளி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெர்சிஸ் கையை எப்போது இறக்கினாள் என்று நான் பார்க்கவில்லை. எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பாடினீங்கம்மா" என்றாள். சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள், பாவம். நான் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

முரளி வந்து, "நாளைக்குத் திரும்ப எடுத்துப் பாக்கலாமா மேடம்?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டு, "தாராளமா எடுங்க தம்பி. நாளைக்கும் எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன், நாளைக்கும் இதே மாதிரி பாடுறோம்" என்றேன்.

பெர்சிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முரளியிடம், "வேணாம், விடுங்க" என்றாள்.

அதற்கடுத்தது பரிசுத்த வாரம். அந்த வாரம் முழுக்க அவள் பியானோவைத் தொடவே இல்லை. ஆண்டவர் பாடுபட்ட வாரமாயிற்றே, பயபக்தியாக இருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காலையில் நான் ஜெபம் பண்ணும்போது பக்கத்து அறையில் படுத்திருப்பாள். ஒரு நாள் அவள் அப்பா படத்தை மறுபடியும் பியானோ மேல் வைத்தேன். இந்தத் தடவை அவள் எடுக்கவில்லை.

ஈஸ்டர் ஆராதனை முடிந்த கையோடு வேன் வந்துவிட்டது. இரண்டு பேர் தூக்கினார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கனமாக இருந்திருந்தால் கொஞ்சம் நேரமாவது ஆகியிருக்கும்.

"பியானோ இங்கயே இருக்கும்னு சொன்னியேம்மா?"

"அங்க தேவைப்படுதும்மா."

"பாதி வருஷம்?"

"பாக்கலாம்மா."

முறுக்கு டப்பாவை வாங்கிக்கொண்டாள். முத்தம் கொடுத்தாள். போய்விட்டாள்.

மறுநாள்தான் சலோமி மீன் மார்க்கெட்டில் பிடித்துக்கொண்டாள். "உன் பொண்ணு மறக்கலடி. வேணும்னே நிறுத்தினாளாம். அந்தக் கடைசி அடியை வாசிக்காம விட்டு, ஜனங்க மனசுக்குள்ள அது தானா கேக்கணும்னு செஞ்சாளாம். அந்த முரளி என் மருமகன்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்காரு."

"மனசுக்குள்ள கேக்குறதுக்கு எதுக்குப் பியானோ?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்?"

"அப்ப நீ ஏன் பாடினே?"

"நீ பாடினே, நான் பாடினேன்!" என்றாள். மீன்காரம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "வாங்குறீங்களா, பாடுறீங்களா?" என்றாள்.

சலோமி சொல்வதை எப்படி நம்புவது, சொல்லுங்கள்? வேண்டுமென்று நிறுத்தியிருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாளா? நான் அவளைப் பெற்றவள்தானே?

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோன் பண்ணுகிறாள், தவறுவதில்லை. "சாப்டீங்களாம்மா, மாத்திரை போட்டீங்களாம்மா." அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. நான் பேச்சை எடுத்தால், "ஆமாம்மா" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அங்கே வேலை அதிகம். கிறிஸ்மஸுக்கும் வரவில்லை. நான் மட்டும் கேக் வெட்டிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். பியானோ இருந்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. எதற்கு வைக்கவேண்டும், மறுபடி தூக்கவேண்டி வரும்.

இந்த வருஷம் அந்த இசைத்தட்டு வெளிவந்துவிட்டது. தட்டு இல்லையாம், ஃபோனிலேயே கேட்பதாம். அங்கே ஏதோ ஒரு கிராமத்துக் கோயிலில் வாசித்திருக்கிறாள். பனிக் காலத்தில், ஒரு ஆளும் இல்லாமல். "ஏம்மா, ஜனங்க மூச்சு இருக்கணும்னு சொன்னியே?" என்று கேட்டேன். "அங்க அமைதியா இருந்துச்சும்மா" என்றாள். குளிரில், அவ்வளவு பெரிய கோயிலில், என் பிள்ளை தனியாக. ஒரு இருமல் சத்தம்கூட இல்லாமல்.

எஸ்றா வந்து என் ஃபோனில் ஏற்றிக் கொடுத்தான். சாயங்கால ஜெபத்துக்கு முன்னால் போட்டுக் கேட்பேன். எல்லாம் அதேதான். மெட்டு ஒளிவது, வருவது, கடைசியில் எங்கள் வேகத்துக்கு வருவது. முதல் அடி, இரண்டாவது அடி, மூன்றாவது அடி. அந்த இடம் வந்ததும் என் வாய் தானாகத் திறந்துவிடுகிறது. நான் பாடவேண்டும் என்று நினைப்பதில்லை அம்மா. மூன்று அடி போனால் நாலாவது அடி வருகிறது, தும்மல் மாதிரி. இரண்டு தரம் பாடி, ஆமென் சொல்லி முடிக்கும்போது ஃபோனில் எல்லாம் முடிந்திருக்கும். வீட்டில் என் குரல்தான் இருக்கும்.

போன வாரம் பெர்சிஸ் ஃபோனில் கேட்டாள். அவளாகவே. "அம்மா, அதைக் கேட்டீங்களா?"

"கேட்டேம்மா. தினமும் கேக்குறேன்."

"கடைசி வரைக்கும் கேட்டீங்களா? அந்தக் கடைசி இடத்தையும்?"

எனக்குப் பொய் சொல்ல வராது. "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டேன். பால் நிஜமாகவே வைத்திருந்தேன்.

எஸ்றாவிடம் கேட்டேன், "அந்த இடத்துல அவ என்னடா வச்சிருக்கா?" என்று. "நீங்களே கேளுங்கம்மா" என்கிறான். "கேக்கத்தானே செய்யுறேன்" என்றால், "கேக்கலம்மா நீங்க, பாடுறீங்க" என்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேசுவதைப் பார்த்தீர்களா?

செங்கல்பட்டு ஏரி வந்துவிட்டது பாருங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் தாம்பரம். நாளைக்குக் காலையில் அவள் வருகிறாள், எஸ்றா வீட்டுக்கு. ஒரு வாரம் அங்கேதான், ஊருக்கு வரமாட்டாளாம், நேரம் இல்லையாம். அதனால்தான் நான் போகிறேன். வந்ததும் அதைத்தான் கேட்பாள், எனக்குத் தெரியும். வாசலிலேயே கேட்டாலும் கேட்பாள். ஒரே ஒரு தடவை, அந்த இடத்தில் என் பிள்ளை என்ன வைத்திருக்கிறாள் என்று கேட்டுவிட்டேன் என்றால், ஆமாம்மா, கேட்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். ஒன்றும் இல்லை என்றாலும் பரவாயில்லை. ஒன்றும் இல்லை என்பதையாவது நான் கேட்கவேண்டும்.

இந்தாருங்கள் என் ஃபோன். எஸ்றா ஏற்றி வைத்தது இதில்தான் எங்கேயோ இருக்கிறது. உங்கள் வயரைக் கொஞ்சம் இதில் மாட்டிக் கொடுங்கள், உங்கள் காதில் ஒன்று, என் காதில் ஒன்று. உங்களுக்குப் பாட்டு தெரியாது, அந்த இடம் வருவதும் தெரியாது. அதனால் நீங்கள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள் அம்மா. அசைந்தால் என் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.